பக்கம் அசல், ஒப்பம் போலி
பழைய இசைத்தாள் கையில் கிடைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,



வீட்டுப் பெரியவர் விட்டுச்சென்ற பெட்டியிலோ, தேவாலயப் பாடகர் குழுவின் அலமாரியிலோ, பழைய புத்தகக் கடையில் எடைபோட்டு வாங்கிய கட்டிலோ உங்களுக்கு ஒரு பழைய ஸ்கோர் கிடைத்திருக்கிறது. முதல் பக்கத்து மூலையில், பழுப்பேறிய மையில் யாரோ ஒப்பமிட்டிருக்கிறார்கள். பெயர் பாதி புரிகிறது, மீதி கிறுக்கலாக ஓடுகிறது. யாருடையது இது?

இந்தக் கேள்வி எழுந்ததும் அநேகமாக எல்லோரும் செய்வது ஒன்றுதான். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதில் தொடங்கும் பெரிய இசையமைப்பாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பது. ‘பி’ என்றால் பிராம்ஸ், ‘எல்’ என்றால் லிஸ்ட். அப்புறம் அந்த மேதையின் உண்மையான கையொப்பத்தைத் தேடியெடுத்துப் பக்கத்தில் வைத்து, அதே வளைவு, அதே சுழிப்பு என்று நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருப்பது. அடுத்தது, ஏலத்துக்கு விட்டால் எவ்வளவுக்குப் போகும் என்ற கணக்கு.

அந்தப் படபடப்பைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது இல்லாவிட்டால் பாதிக் கண்டுபிடிப்புகள் நடந்தே இருக்காது. வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். கையொப்பத்தைக் கடைசியில் பாருங்கள். ஒரு தாளில் இருக்கும் சாட்சிகளிலேயே எளிதில் விலைபோகக் கூடியது அதுதான். போலி செய்ய நினைப்பவன் முதலில் பழகுவது கையொப்பத்தை. ஒப்பிட்டுப் பார்க்க நமக்குக் கிடைப்பதோ ஏழெட்டு எழுத்துகள். வங்கியில் காசோலையைப் பார்ப்பதுபோல் ஒப்பத்தோடு ஒப்பத்தை வைத்துச் சரிபார்த்துவிட்டு முடிவு சொன்னால் இந்த வேலையில் கட்டாயம் ஏமாறுவோம்.

மொஸார்ட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் அவருடைய ‘ரெக்வியம்’ கைப்பிரதி இருக்கிறது. இறந்தவர்களுக்கான திருப்பலியில் பாடப்படும் இசை அது. அதன் முதல் பக்கத்தின் மேற்பகுதியில், இது தாம் இயற்றியது, தம் கைப்பட எழுதியது என்று மொஸார்ட் பெயரில் இத்தாலிய மொழியில் ஒரு வரியும் ஒப்பமும் இருக்கின்றன. பக்கத்தில் ‘792’ என்று ஆண்டு. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது அக்கால வழக்கம். ஆகவே, 1792.

மொஸார்ட் இறந்தது 1791 டிசம்பர் 5 அன்று.

நடந்தது இதுதான். 1791 பிப்ரவரி 14 அன்று, கீழ் ஆஸ்திரியாவில் ஸ்டுப்பாக் கோட்டையில் வாழ்ந்த ஃபிரான்ஸ் ஃபொன் வால்செக் பிரபுவின் இளம் மனைவி இறந்துபோனார். அவர் நினைவாக ஒரு ரெக்வியம் வேண்டும் என்று பிரபு தம் பெயரைச் சொல்லாமல் ஆள் விட்டு மொஸார்ட்டிடம் கேட்டார். முன்பணமும் வந்தது. வேலை முடியுமுன் மொஸார்ட் போய்ச்சேர்ந்துவிட்டார். ‘லாக்ரிமோசா’ பகுதி எட்டு பாரோடு நின்றுபோயிற்று. விதவை கான்ஸ்டான்ட்ஸேயிடம் இரண்டு பிள்ளைகளும் கடனும் மிச்சம். மீதிப் பணம் வர வேண்டுமானால் முழு இசையும் பிரபு கைக்குப் போயாக வேண்டும். முதலில் யோசஃப் ஐப்லரிடம் கொடுத்தார். அவர் சில பகுதிகளுக்கு வாத்தியங்களைச் சேர்த்து எழுதிவிட்டு விலகிக்கொண்டார். கடைசியில் முடித்துக் கொடுத்தவர் ஃபிரான்ஸ் க்ஸாவர் ஸூஸ்மாயர். மொஸார்ட்டின் கடைசி நாள்களில் அவரோடு இருந்தவர். அவருடைய எழுத்து மொஸார்ட்டின் எழுத்தை அச்சாக ஒத்திருக்கும்.

ஸூஸ்மாயர் செய்ததைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். ‘இன்ட்ராய்ட்’, ‘கீரியே’ என்ற முதல் இரண்டு பகுதிகளுக்கு மொஸார்ட் கைப்பட்ட தாள்களை அப்படியே வைத்துக்கொண்டார். கீரியேயில் விடுபட்ட வாத்திய வரிகள் வேறு கைகளால் நிரப்பப்பட்டிருக்கின்றன. மற்ற பகுதிகளை ஸூஸ்மாயர் புதுத்தாளில் தாமே எழுதிப் பின்னால் சேர்த்தார். அவற்றில் மொஸார்ட் விட்டுப்போன குறிப்புகளிலிருந்து எடுத்தவை உண்டு, இவர் சொந்தமாக இயற்றியவையும் உண்டு. எல்லாம் சேர்ந்ததும் முதல் பக்கத்தில் குருவின் பெயரைப் போட்டு, ஒரு கட்டாகப் பிரபுவுக்குப் போயிற்று.

இப்போது அந்த முதல் பக்கத்துக்கு வாருங்கள். சுரங்கள் மொஸார்ட்டின் கை. மேலே இருக்கும் பெயர் ஸூஸ்மாயரின் கை. தம் கைப்பட எழுதியதாகச் சொல்லும் வரியையே இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஒப்பத்தை நம்பியவர், பின்னால் வரும் அத்தனை பக்கங்களையும் மொஸார்ட் எழுதியதாக எடுத்துக்கொண்டு ஏமாந்தார். ஒப்பம் போலி என்று கண்டதும் கட்டையே தூக்கிப் போட்டிருந்தால், மொஸார்ட் கடைசியாக எழுதியவற்றைத் தூக்கிப் போட்டவராகியிருப்பார். பக்கத்தை எழுதியவர் யார், பெயரை எழுதியவர் யார் என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள். உங்கள் கையிலிருக்கும் தாளிடமும் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இதில் மூன்றாவதாக ஒரு பெயரும் உண்டு. வால்செக் பிரபுவுக்குப் பிறர் எழுதிய இசையை வாங்கித் தம் கையால் நகலெடுத்துத் தம்முடையதாகக் காட்டிக்கொள்ளும் ஆசை இருந்தது. ரெக்வியத்தையும் அப்படியே நகலெடுத்து, வால்செக் பிரபு இயற்றியது என்று எழுதி, 1793 டிசம்பர் 14 அன்று வீனர் நோய்ஷ்டாட்டில் தாமே நடத்திவைத்தார். மொஸார்ட் பெயரை எழுதியவர் மொஸார்ட் இல்லை. தம் பெயரைத் தாமே எழுதியவரோ இசையமைத்தவர் இல்லை. ஒப்பம் எந்த அளவுக்குச் சாட்சி சொல்லும் என்பதற்கு இந்த ஒரு படைப்பே போதும்.

ஸூஸ்மாயர் பிறகு இதை மறைக்கவில்லை. ‘சாங்க்டுஸ்’, ‘பெனடிக்டுஸ்’, ‘ஆக்னுஸ் தேயி’ ஆகியவை தம் படைப்பு என்று 1800 பிப்ரவரியில் பதிப்பாளருக்குக் கடிதமே எழுதினார். ஆனாலும் சண்டை ஓயவில்லை. 1825-ல் இசை அறிஞர் கோட்ஃப்ரீட் வேபர், இந்த ரெக்வியத்தில் மொஸார்ட்டின் பங்கு எவ்வளவு என்று ஐயம் எழுப்பி எழுத, மொஸார்ட்டை அறிந்த பாதிரியார் மாக்ஸிமிலியன் ஷ்டாட்லர் பதிலுக்கு எழுத, பத்திரிகைகள் பற்றிக்கொண்டன. 1838-ல் பிரபுவிடம் போயிருந்த அந்தக் கட்டு வியன்னா அரசவை நூலகத்துக்கு வந்து சேர்ந்தபோது அதைப் பார்த்தவர்களில் பலர் முழுவதும் மொஸார்ட் கைதான் என்றார்கள். ஸூஸ்மாயர் தம் சொந்தப் பெயரில் எழுதிய வேறு பிரதிகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்த பிறகே வேறுபாடு பிடிபட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. மொஸார்ட்டோடு மட்டும் ஒப்பிட்டவரைக்கும் எல்லாம் மொஸார்ட்டாகவே தெரிந்தது. ஸூஸ்மாயரோடும் ஒப்பிட்டதும் ஸூஸ்மாயர் தெரிந்தார். உங்கள் மனத்திலுள்ள மேதையின் கையெழுத்தை மட்டும் தேடிப் பார்க்காதீர்கள். அவருடைய மாணவர், மனைவி, மகன், கூலிக்கு நகலெடுத்தவர் ஆகியோரின் கையெழுத்தையும் தேடுங்கள்.

இதே ஸூஸ்மாயர் இன்னொரு இடத்திலும் ஆட்டம் காட்டியிருக்கிறார். மொஸார்ட்டின் டி மேஜர் ஹார்ன் கான்செர்டோவின் கடைசிப் பகுதியான ‘ரோண்டோ’வுக்கு ஒரு கைப்பிரதி உண்டு. அதில் புனித வெள்ளி, ஏப்ரல் 6 என்று நாள் குறித்திருக்கிறது. ஆண்டின் இலக்கத்தைத் தவறாகப் படித்து 1787 என்று கொண்டார்கள். பஞ்சாங்கமும் ஒத்துழைத்தது, 1787-ல் புனித வெள்ளி ஏப்ரல் 6 அன்றுதான் வந்தது. ஆகவே மொஸார்ட் 1787-ல் எழுதியது என்று, மொஸார்ட் படைப்புகளுக்கு எண் வைத்த கோஷல் பட்டியலில் 514 என்ற எண்ணோடு அது உட்கார்ந்துவிட்டது. உண்மையில் இலக்கம் 1792. அந்த ஆண்டும் புனித வெள்ளி ஏப்ரல் 6-தான்! மொஸார்ட் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எழுதியவர் ஸூஸ்மாயர். நாளும் கிழமையும் பொருந்திவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த ரோண்டோவை நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, கையொப்பம் கடைசி என்றால் முதலில் எதைப் பார்ப்பது? தாளை.

இதைச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆலன் டைசன். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வாளர். மருத்துவம் படித்து, உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்று, ஃபிராய்டின் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த குழுவிலும் இருந்தவர். அவர் மொஸார்ட்டின் சுரங்களைப் படிக்கும் முன் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கையால் செய்த தாளில், சல்லடை அச்சின் மேல் கம்பியால் தைத்த உருவம் நீர்க்குறியாகப் பதியும். வியன்னாவில் மொஸார்ட் பயன்படுத்தியது பெரும்பாலும் வட இத்தாலியத் தாள், மூன்று பிறை அதன் அடையாளம். தாள் பட்டறையில் அச்சுகள் இரட்டையாக வேலை செய்யும், ஆகவே ஒவ்வொரு நீர்க்குறிக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் ஓர் இரட்டையும் உண்டு. முழுத்தாளை நான்காக வெட்டி எழுதுவார்கள் என்பதால் ஒரு பக்கத்தில் கிடைப்பது நீர்க்குறியின் கால்பங்கு. அந்தத் துண்டுகளைச் சேர்த்து முழு உருவமாக்கி, எந்தத் தாளை எந்த ஆண்டில் மொஸார்ட் வாங்கி எழுதினார் என்று டைசன் வரிசைப்படுத்தினார்.

விளைவு என்ன? பி ஃபிளாட் மேஜர் பியானோ கான்செர்டோ, கோஷல் எண் 595. அதை மொஸார்ட் தம் பட்டியலில் 1791 ஜனவரி 5 என்று பதிந்திருக்கிறார். கடைசி ஆண்டின் இசை, விடைபெறும் குரல் என்று அதைக் கேட்டு உருகியவர்கள் அநேகம். டைசன் தாளைப் பார்த்துவிட்டு, இதில் பெரும்பகுதி 1788-ஐ ஒட்டி மொஸார்ட் பயன்படுத்திய தாளில் இருக்கிறது என்றார். தொடங்கி, கிடப்பில் போட்டு, பின்னால் எடுத்து முடித்திருக்கிறார். பட்டியலில் உள்ள தேதியும் உண்மை, தாள் சொல்வதும் உண்மை. ஆனால் விடைபெறும் குரல் என்ற கதைக்குத்தான் இடமில்லாமல் போயிற்று.

தாளுக்கு அடுத்தது கோடு. ஐந்து முனை கொண்ட பேனாவாலோ இயந்திரத்தாலோ ஐந்தைந்து கோடுகளை இழுத்த காலம் அது. பக்கத்தின் மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோடு வரை உள்ள உயரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தால், இரண்டு தாள் ஒரே கடையில் கோடிட்டவையா என்று சொல்லிவிட முடியும். அதற்கடுத்தது பேனா. இரும்பு முனை பரவலானது 1830-களில்தான். அதற்கு முந்தியது என்று சொல்லும் தாளில், பூதக்கண்ணாடி வைத்தால் இரும்பு முனை கீறிய இரட்டைத் தடம் தெரிகிறது என்றால் தீர்ந்தது. புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் தாள், வெண்மைக்கு ரசாயனம் சேர்த்த இருபதாம் நூற்றாண்டுத் தாள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கையெழுத்து. அதிலும் பெயரை விட்டுவிட்டுச் சுரங்களைப் பாருங்கள். கிளெஃப்பை எங்கே தொடங்குகிறார், எந்தப் பக்கம் சுழிக்கிறார்? சுரத்தின் குச்சியைத் தலைக்கு இடப்புறம் இழுக்கிறாரா, வலப்புறமா, நடுவிலா? ஓய்வுக்குறியை எப்படி மடக்குகிறார்? பார் கோட்டை எல்லா வரிகளையும் சேர்த்து ஒரே இழுப்பில் போடுகிறாரா? பெயரை எழுதும்போது மனிதன் விழிப்பாக இருக்கிறான். நூறாவது ஓய்வுக்குறியை எழுதும்போது அந்த விழிப்பு இருப்பதில்லை. அங்கேதான் ஆள் அகப்படுகிறான். ஆனால் ஒருவர் கையெழுத்தே ஆண்டுக்கு ஆண்டு மாறும். வொல்ஃப்காங் பிளாத் என்ற ஜெர்மன் ஆய்வாளர் இளம் மொஸார்ட்டின் எழுத்து மாறிவந்த வழியை ஆண்டுவாரியாகப் பிரித்துக் காட்டினார். மகனுடைய எழுத்தையும் தந்தை லியோபோல்டின் எழுத்தையும் பிரித்தறிந்ததும் அவர் பணியே. சிறுவன் மொஸார்ட்டின் முதல் படைப்புகள் தந்தையின் கையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

பாக் வீட்டுக் கதை இன்னும் சுவையானது. 1721-ல் யோஹான் செபாஸ்டியன் பாக்கை மணந்த அன்னா மக்தலேனா, கோதென் அரசவையில் சம்பளம் வாங்கிய பாடகி. கணவரின் இசையை நகலெடுத்து நகலெடுத்து, அவர் எழுத்தும் கணவர் எழுத்தைப் போலவே ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் சில இடங்களில் இவர் கையை அவர் கை என்றே எடுத்துக்கொண்டார்கள். செல்லோ சூட்களுக்கு பாக் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. அன்னா மக்தலேனாவின் நகல் பெர்லின் அரசு நூலகத்தில் இருக்கிறது. அதை எவ்வளவு நம்பலாம்? தனி வயலினுக்கான படைப்புகளில் பாக்கின் 1720-ஆம் ஆண்டுக் கைப்பிரதியும் இருக்கிறது, அதைப் பார்த்து மனைவி எடுத்த நகலும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, சுரங்களில் அவர் எவ்வளவு கவனம், ஸ்லர் என்ற இணைப்பு வளைவுகளில் எவ்வளவு அலட்சியம் என்று கணித்துக்கொண்டு, அந்தக் கணிப்போடு செல்லோ நகலைப் படிக்கிறார்கள். கையை அடையாளம் காண்பது பெயர் சூட்டுவதோடு முடிவதில்லை. அந்தக் கை எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்வதுதான் இசை வாசிப்பவருக்குப் பயன்.

பாக்கிடம் இன்னும் பல நகலர்கள் வேலை செய்தார்கள். பெரும்பாலும் லைப்சிக் தோமாஸ் பள்ளி மாணவர்கள். பெயர் தெரியாதவர்களுக்கு ஆய்வாளர்கள் எழுத்தும் எண்ணும் வைத்தார்கள். முதன்மை நகலர் ‘ஏ’, முதன்மை நகலர் ‘பி’, அனாமதேயர் 5 என்று. தெரியாததைத் தெரியாதது என்று எழுதிவைத்த அந்த நேர்மைதான் பின்னால் பலன் கொடுத்தது. ‘பி’ என்பவர் கிறிஸ்டியான் கோட்லோப் மைஸ்னர் என்று 1968-ல் ஹான்ஸ்-யோவாக்கிம் ஷூல்ஸே காட்டினார். அனாமதேயர் 5 கோதெனைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் கிறிஸ்டியான் கைசர் என்று 2003-ல் ஆண்ட்ரூ டேலி நிறுவினார். கைசர் பிற்காலத்தில் வழக்கறிஞர். இப்படிப்பட்ட பெயர்களுக்கான தடயம் பெரும்பாலும் இசைத்தாளில் இருப்பதில்லை. வேலைக்குப் போட்ட விண்ணப்பம், பணம் பெற்ற ரசீது, பள்ளிப் பதிவேடு போன்ற காகிதங்களில்தான் ஒரே கை, ஒரே பெயர் என்று இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஒருவேளை அவசரப்பட்டு அந்தத் தாள்களிலெல்லாம் பாக்கின் பெயரை எழுதியிருந்தால் மைஸ்னரையும் கைசரையும் யாரும் தேடியிருக்கவே மாட்டார்கள்.

இதெல்லாம் கைப்பிரதி. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது அச்சிட்ட ஸ்கோர். அதில் ஒப்பம் இருந்தால், அது அந்தப் பிரதிக்குச் சொந்தக்காரர் தம் பெயரை எழுதியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பியானோ கற்ற ஒரு பெண், ஆர்கன் வாசித்த ஒரு பாதிரியார், இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே என்று நினைத்த ஓர் ஆசிரியர். அடுத்தது பரிசளித்தவரின் பெயர். அதற்கும் அடுத்தது, அச்சிலேயே வந்த ஒப்பம். பூதக்கண்ணாடியில் மை நாருக்குள் இறங்கியிருக்கிறதா, மேலே படிந்திருக்கிறதா, புள்ளிகளாக உடைகிறதா என்று பார்த்தால் பாதி மர்மம் அங்கேயே தீரும். உண்மையிலேயே இசையமைப்பாளர் போட்ட ஒப்பமாக இருந்தாலும் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் லண்டனில் சார்லஸ் டிப்டின், தாமே அச்சிட்டு விற்ற பாடல் தாள்களில் திருட்டுப் பதிப்பிலிருந்து பிரித்தறிவதற்காக ஒப்பமிட்டார். விற்ற சரக்குக்கு முத்திரை, அவ்வளவுதான்.

அச்சிட்ட ஸ்கோரில் ஒப்பத்தைவிட உபயோகமானது ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் தகட்டு எண். பதிப்பகத்தார் அச்சுத்தகடுகளைக் கலந்துவிடாமல் வைத்துக்கொள்ளப் போட்ட எண் அது. ஷூபர்ட் படைப்புகளுக்கு ‘டி’ எண் வைத்த ஓட்டோ எரிக் டாய்ச், 1946-லேயே பதிப்பாளர் எண்களுக்கு ஒரு கையேடு போட்டார். அந்த எண்ணைக் கொண்டு அச்சான காலத்தைக் கண்டுபிடியுங்கள். ஒப்பத்துக்கு உரியவர் என்று நீங்கள் நினைப்பவர் அதற்கு முன்பே இறந்திருந்தால் வேலை மிச்சம்.

அப்படியே பென்சில் குறிப்புகளையும் பாருங்கள். இசை நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன் தம் ஸ்கோர்களில் சிவப்பு, நீலம் என இரண்டு வண்ணம் வைத்திருந்தார். சிவப்பு, வாத்தியக்காரர்களின் தாள்களுக்கு நூலகர் மாற்றி எழுத வேண்டியது. நீலம், மேடையில் தமக்கு. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஓர் இசையை அவர் எப்படி நடத்தினார் என்பதை ஆயிரம் ஒப்பங்கள் சொல்லாது, அந்த நீலக்கோடு சொல்லும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1993 டிசம்பரில், தொலைந்துபோன ஹைடன் பியானோ சொனாட்டாக்கள் ஆறு கிடைத்துவிட்டன என்று செய்தி வந்தது. அவற்றின் தொடக்கச் சுரங்கள் ஹைடனின் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன, கிடைத்தவற்றோடு அவை பொருந்தின. ஹைடனில் ஊறிய ராபின்ஸ் லேண்டன் நம்பினார். பியானோ மேதை பால் பாடுரா-ஸ்கோடா வாசித்துப் பதிவு செய்தார். ஆனால் யாரும் மூலத்தாளைப் பார்க்கவில்லை, கைக்கு வந்தது ஒளிநகல் மட்டும். கொலோனிலுள்ள ஹைடன் ஆய்வு நிறுவனம் அதைப் போலி என்றது. பட்டியலில் இருந்த தொடக்கங்களை வைத்துக்கொண்டு நம் காலத்தவர் ஒருவர் அழகாகப் பின்னியிருக்கிறார்! நகலில் நீர்க்குறி தெரியாது, மை தெரியாது, பேனாத் தடம் தெரியாது. அதனால்தான் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே பெயர் கேட்கும் நண்பர்களிடம் பொறுமையாக இருக்கச் சொல்கிறேன். படத்தை மட்டும் பார்த்து உறுதியாகப் பெயர் சொல்பவரிடம் கொஞ்சம் எட்டியே நில்லுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. 2005-ல், அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அருகே ஓர் இறையியல் கல்லூரியில் நூலகர் அலமாரியைச் சுத்தம் செய்தபோது 80 பக்கக் கைப்பிரதி ஒன்று கிடைத்தது. பீத்தோவன் தம் ‘கிராண்ட் ஃபியூக்’ இசையை நான்கு கைகள் வாசிக்கும் பியானோவுக்காகத் தாமே மாற்றி எழுதியது. 1890-ல் பெர்லின் ஏலத்தில் விலைபோனதோடு கண்ணில் படாமல் போயிருந்தது. பழுப்பு மை, கறுப்பு மை, சிவப்புக் குச்சி, பென்சில் என்று திருத்தத்தின் மேல் திருத்தம். அழித்து அழித்துத் தாளே ஓட்டையான இடங்கள் உண்டு. நகலெடுப்பவர் அப்படித் தாளோடு மல்லுக்கட்ட மாட்டார். இயற்றுகிறவர்தான் மல்லுக்கட்டுவார். அவ்வாண்டு டிசம்பர் 1-ல் லண்டன் ஏலத்தில் அது 11 லட்சத்து 28 ஆயிரம் பவுண்டுக்குப் போயிற்று. இன்று ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் இருக்கிறது. அந்த விலையை நிலைநாட்டியவை அந்த ஓட்டைகளும் அடித்தல் திருத்தங்களும்.

இனி உங்களிடம் என் வேண்டுகோள்கள்.

தாளை லாமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஒப்பத்தை மட்டும் கத்தரித்துச் சட்டம் போடும் பழக்கம் சேகரிப்பாளர்களிடம் இன்னும் இருக்கிறது, அதைச் செய்பவரிடம் கத்தரிக்கோலைப் பிடுங்குங்கள். பக்கத்திலிருந்து பிரிந்த ஒப்பத்துக்குச் சாட்சி சொல்ல யாரும் மிஞ்ச மாட்டார்கள். வியன்னா ரெக்வியத்திலேயே, 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குப் போனபோது கடைசிக்கு முந்தைய பக்கத்தின் மூலையை யாரோ கிழித்துக்கொண்டு போனார்கள். அதில் மொஸார்ட் எழுதிய சில சொற்கள் இருந்தன. இன்றுவரை திரும்பவில்லை.

யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து, எந்தக் கட்டோடு சேர்ந்து வந்தது என்று இன்றே எழுதிவையுங்கள். கூடவே வந்த ரசீது, உறை, நிகழ்ச்சி நிரல் எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே கட்டில் கிடைத்த நாலு தாள்களை நாலு பேருக்கு விற்றால், ஒரு கையை இன்னொரு கையோடு ஒப்பிடும் வழியே அடைபட்டுப் போகும். பழைய புத்தக வியாபாரிகளுக்கும் இதையே சொல்கிறேன்: கட்டைப் பிரிக்கும் முன் ஒரு வரி குறித்து வைத்தால் உங்கள் சரக்குக்குத்தான் மதிப்பு கூடும்.

முடிவில் அந்தப் பெயர் லிஸ்டாகவோ பிராம்ஸாகவோ இல்லாமல், யாரும் கேள்விப்படாத ஓர் ஆர்கன் வாசிப்பாளராகவோ பியானோ டீச்சராகவோ இருந்தால் மனம் சோர்ந்துவிடாதீர்கள். ரெக்வியத்தை நமக்கு முழுசாகக் கொடுத்தது போலி ஒப்பம் போட்ட ஸூஸ்மாயரின் கை. செல்லோ சூட்களைக் காப்பாற்றியதில் அன்னா மக்தலேனாவின் கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஓர் ஊரில் எந்த இசையை யார் வாசித்தார்கள், எப்படிக் கற்றார்கள் என்ற சரித்திரத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கைகளால் எழுதப்பட்டது. யாருடையது என்று தெரியும்வரை, தெரியவில்லை என்றே எழுதிவையுங்கள். ஓரத்திலுள்ள பென்சில் குறிப்பைத் தயவுசெய்து ரப்பரால் அழித்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே பழைய தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும் ஒருவன்